மலைக்கு முன்னால் கோயில்: செஞ்சிக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு எங்கள் ஊருக்குள் சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கிவிடும். முன்கண்ணாடியில் பள்ளியின் பேனர், உள்ளே பாட்டுச் சத்தம், ஜன்னல் தோறும் ஆட்டுகிற கைகள். ராஜகிரி அடிவாரத்தில் இறங்குவீர்கள். எண்ணிக்கை எடுப்பீர்கள், விசில் ஊதுவீர்கள், ஏறுவீர்கள். இறங்கும்போது பிள்ளைகளுக்கு நாக்கு வறண்டிருக்கும், உங்களுக்கு முட்டி வலிக்கும். புளியோதரைப் பொட்டலம் பிரித்து முடித்ததும் பேருந்து திருவண்ணாமலைக்கோ புதுச்சேரிக்கோ கிளம்பிவிடும். மலை ஏறியது ஒரு சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் செஞ்சியைப் பார்த்தார்களா என்று கேட்டால், ஒரு மலையைப் பார்த்தார்கள் என்றுதான் சொல்ல முடியும்.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. மலைக்கு முன்னால் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். அதிலும் முதலில் கீழ்க்கோட்டையில் இருக்கும் வெங்கட்ரமணர் கோயிலுக்கு.

ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், 2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சிக்கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிறகு கூட்டம் கூடியிருக்கிறது. ‘இந்தியாவின் மராத்திய இராணுவ நிலப்பரப்புகள்’ என்ற தலைப்பில் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று இங்கே. ராய்கட், பிரதாப்கட், சிந்துதுர்க் பெயர்களோடு செஞ்சி நிற்பது எங்களுக்குப் பெருமைதான். சிவாஜி 1677இல் கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் முகலாயர்களிடமிருந்து தப்பி இங்கே வந்து இருந்துகொண்டுதான் மராத்திய அரசையே நடத்தினார். எட்டு வருஷ முற்றுகைக்குப் பிறகு 1698இல் சுல்பிகர் கான் கைக்குப் போனது. ஆக மொத்தம் இருபத்தொரு வருஷம். அதற்கு முன்பும் பின்பும் இந்தப் பாறைகளுக்கு நடுவே ஜனங்கள் வாழ்ந்தார்கள். இந்த 21 வருஷத்தை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினால், ஒரு ஊரின் கதையில் நடுப்பக்கத்தைக் கிழித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஊர் என்று சொன்னதைக் கவனியுங்கள். 1597இல் கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் இங்கே வந்த பிமெண்டா என்ற இயேசு சபைப் பாதிரியார், போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர இவ்வளவு பெரிய நகரம் இல்லை என்று எழுதினார். அந்த நகரம் எங்கே? மலை உச்சியில் கிடையாது. மேலே அரசன் ஓடி ஒளியும் இடமும் கஜானாவும் களஞ்சியமும். நகரம் கீழேதான் இருந்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் இணைத்துச் சுற்றி ஓடும் மதிலுக்கு உள்ளே. வீடுகள் மண்ணும் ஓலையுமாக இருந்திருக்கும், போய்விட்டன. கடைத்தெரு போய்விட்டது. கல்லில் கட்டியதால் கோயில்களும் குளங்களும் நின்றுவிட்டன. எங்கே தெரு இருந்தது, எங்கே ஜனம் கூடியது என்று இன்றைக்கு நமக்குக் காட்டுவதற்கு அவற்றை விட்டால் வேறு சாட்சி இல்லை. நேபாளத்தில் பாட்டன் நகரத்து அரண்மனைச் சதுக்கத்துப் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: அடுக்கடுக்கான கூரை வைத்த கோயில்கள், அவற்றின் படிக்கட்டில் உட்கார்ந்து கதை பேசும் ஊர்ஜனம். செஞ்சியின் கீழ்க்கோட்டையும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். உள்கோட்டையில் கல்யாண மகாலைப் பாருங்கள். நடுவில் சதுரமாக, மாடி மேல் மாடியாக எட்டு நிலை, உச்சியில் கூம்பு. அதுவும் கோயில்தான் என்று நினைத்துப் பிள்ளைகள் கும்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். அரச குடும்பத்துப் பெண்கள் இருந்த மாளிகை அது. மதிலுக்கு வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து சுட்ட மண் குழாய் வழியாக மாடிக்குத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். அறிவியல் ஆசிரியர் உடன் வந்தால் அரை மணி நேரப் பாடம் அங்கேயே இருக்கிறது.

இப்போது வெங்கட்ரமணர் கோயிலுக்கு வருவோம். புதுச்சேரி வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோட்டைக்குள் இருக்கும் கோயில்களிலேயே இதுதான் பெரியது. முத்தியாலு நாயக்கர் 16ஆம் நூற்றாண்டில் கட்டினார். கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும். பிள்ளைகளை நேரே உள்ளே ஓட விடாதீர்கள். கோபுர வாசலிலேயே நிறுத்துங்கள். நுழைவழியின் இரண்டு பக்கச் சுவரிலும் கட்டம் கட்டமாகச் சிற்பங்கள் இருக்கின்றன. ராமாயணக் காட்சிகள், திருமாலின் அவதாரங்கள், பாற்கடல் கடைதல். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே நிழலும் காற்றும் இருக்கும். கண் பழக ஒரு நிமிஷம் ஆகும். பழகிய பிறகுதான் ஒவ்வொன்றாக எழுந்து வரும். ‘யார் யார் என்று கண்டுபிடி’ என்று சொல்லிவிட்டு நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள். பாற்கடலை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் கடைசி பெஞ்சுப் பையனாக இருக்கும். பாம்பைக் கயிறாக்கி இரண்டு கட்சியும் இழுப்பதில் அவனுக்கு எந்தச் சந்தேகமும் வராது.

அதே சுவரில் இன்னொன்றும் எழுந்து வரும். ஆணியாலும் கல்லாலும் கீறிய பெயர்கள். இதயம், அம்பு, இனிஷியல், சில இடங்களில் பள்ளியின் பெயரே. எந்தப் பள்ளி என்று எழுதப்போவதில்லை. அதைப் பார்த்து நீங்கள் கோபப்பட்டுப் பேசுவதைவிட, நாயக்கர் காலத்துத் தச்சன் செதுக்கிய ஒரு விரல் நகத்தின் மேல் போன வருஷத்து ஆணி போட்ட கீறலைப் பிள்ளைகளே குனிந்து பார்க்கட்டும். திட்டினால் மறந்துவிடுவார்கள்.

உள்ளே போனால் அன்றாட மணியோசை இல்லாத கோயில். வௌவால் வாடை அடிக்கும். நிறைய ஆசிரியர்கள் இங்கே ‘பாழடைந்த கோயில், சாமி இல்லை, வாங்க போகலாம்’ என்று திருப்பிவிடுகிறார்கள். எனக்கு வருத்தம் தருவது அந்த ஒரு வரிதான். சாமி இல்லாத கோயிலில்தான் கோயில் எப்படிக் கட்டப்படுகிறது என்று பதற்றமில்லாமல் பார்க்கலாம். வரிசை கிடையாது, ‘நகருங்க நகருங்க’ கிடையாது. கோபுரம், பிராகாரம், மண்டபம், அர்த்த மண்டபம், கருவறை என்று ஒவ்வொன்றாக நடந்து காட்டலாம். வெளிச்சம் எப்படிப் படிப்படியாகக் குறைகிறது, கூரை எப்படித் தாழ்கிறது என்று உடம்பாலேயே தெரிந்துகொள்ளலாம். அவர்கள் ஊர்க் கோயிலும் இதே கணக்குத்தான் என்று அங்கே புரியும்.

அப்புறம் ஒரு கேள்வி கேளுங்கள்: இவ்வளவு பெரிய கோயிலின் மிக உயரமான தூண்கள் எங்கே?

1750இல் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியைப் பிடித்தார்கள். தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்ததாகச் சொல்வார்கள். ராஜாராமை எட்டு வருஷம் காப்பாற்றிய கோட்டை அது. 1761இல் ஆங்கிலேயர் பிடிக்கும்வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. ஒற்றைக் கல்லில் செய்து இங்கிருந்த தூண்கள் புதுச்சேரிக்குப் போயின. இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றனவே எட்டுக் கருங்கல் தூண்கள், அவை செஞ்சித் தூண்கள். டூப்ளே சிலையின் பீடத்திலும் செஞ்சிக் கற்கள் சேர்ந்திருப்பதாகச் சொல்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் அதே நாள் மாலை அந்தத் தூண்களுக்கு முன்னால் ஐஸ்கிரீமோடு நின்று குரூப் போட்டோ எடுக்கிறார்கள். காலையில் கோயிலைப் பார்த்துவிட்டு மாலையில் தூணைப் பார்க்கிற வாய்ப்பு தமிழ்நாட்டில் வேறு எந்தச் சுற்றுலாவில் கிடைக்கும்? இரண்டும் உங்கள் பயணத் திட்டத்திலேயே இருக்கின்றன. இணைத்துச் சொல்ல ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

சில தூண்கள் இன்னொரு திசையிலும் போயின என்பார்கள்: மேல்சித்தாமூருக்கு. தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இருக்கும் ஊர். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே பெருஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிறது. பார்சுவநாதர் கோயிலும், பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய மலைநாதர் கோயிலும் அங்கே உண்டு. பெருமாள் கோயில் தூண், ஒரு பக்கம் சமணக் கோயிலுக்கு, மறுபக்கம் கடற்கரைக்கு. அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்து நட வேண்டும் என்று எங்கள் ஊரில் பேசுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் பாட்டன் சதுக்கத்துச் சார் நாராயணன் கோயிலும் ஹரிசங்கர் கோயிலும் தரைமட்டமாயின. சரிந்த மரத்துண்டுகளை ஊரார் பொறுக்கிச் சேர்த்து அரண்மனைத் தோட்டத்தில் அடுக்கி வைத்து, நேவாரித் தச்சர்கள் அவற்றை வைத்தே திரும்பக் கட்டினார்கள். அங்கே விழுந்தது விழுந்த இடத்திலேயே கிடந்தது, அதனால் கட்ட முடிந்தது. நம் தூண்கள் போன இடத்தில் இருநூறு வருஷத்துக்கு மேல் வாழ்ந்துவிட்டன. அவை அங்கேயே இருக்கட்டும். எங்கிருந்து வந்தவை என்று தெரிந்த பிள்ளைகள் வருஷா வருஷம் அங்கே போய் நின்றால் போதும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். நாயக்கர்கள் கோயில் கட்டினார்கள் என்றதும் பக்தியில் கட்டினார்கள் என்று முடித்துவிடாதீர்கள். இதே கிருஷ்ணப்ப நாயக்கர் சிதம்பரத்தில் கோவிந்தராஜப் பெருமாள் சந்நிதியைப் புதுப்பிக்க முனைந்தபோது தீட்சிதர்கள் எதிர்த்தார்கள். அரசன் பின்வாங்கவில்லை. அவர்களில் பலர் கோபுரத்தில் ஏறிக் குதித்து உயிர்விட்டார்கள் என்று பிமெண்டா எழுதி வைத்திருக்கிறார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சொல்லலாமா என்று தயங்காதீர்கள். கோயில் என்பது நிலம், அதிகாரம், கௌரவம் எல்லாம் கலந்த இடம் என்பது வீட்டிலும் தெருவிலும் பார்த்து அவர்களுக்கே தெரியும்.

சரி, மலை ஏறாமல் முடியாது என்பீர்கள். ஏறுங்கள். கோயிலைப் பார்த்த கையோடு காலையிலேயே ஏறுங்கள். வழியில் கமலக்கண்ணி அம்மனிடம் நின்று போங்கள். ராஜகிரியின் பழைய பெயர்களில் ஒன்று கமலகிரி. கோட்டையைக் கோனார் அரசர்கள் தொடங்கினார்கள், ஆனந்தக் கோன்தான் முதல்வன் என்பது ஊர் மரபு. அரசர்கள் மாறிக்கொண்டே வந்தார்கள்: கோன், நாயக்கர், பீஜப்பூர், மராத்தியர், முகலாயர், பிரெஞ்சு, ஆங்கிலேயர். அம்மன் மட்டும் மாறவில்லை. முன்பு எருமை பலி கொடுத்ததாகச் சொல்லும் கல் சந்நிதிக்கு அருகே கிடக்கிறது. சித்திரையில் திருவிழா நடக்கும்போது தொல்லியல் துறையின் நீல போர்டுகளுக்கு நடுவே மஞ்சள் சேலைகளும் வேப்பிலையும் ஏறிப் போவதை நீங்கள் பார்க்க வேண்டும். அதற்கு மேலே உச்சிக்குப் போக, மலையைப் பிளந்து நிற்கும் ஒரு பள்ளத்தைப் பாலத்தில் தாண்ட வேண்டும். பாலத்தை எடுத்துவிட்டால் ஒரு சிலரே ஒரு படையைத் தடுத்துவிடலாம். உச்சியில் ரங்கநாதர் கோயில் இருக்கிறது. அரசன் கட்டிய அந்த மேல்கோயில் வெறிச்சோடிக் கிடக்கிறது, குடியானவர்களின் கீழ்க்கோயிலுக்கு இன்னும் பொங்கல் வைக்கிறார்கள். இதற்கு விளக்கம் எதுவும் தராமல் ஏன் என்று கேட்டு விட்டுவிடுங்கள். இறங்கி வரும்வரை பேசிக்கொண்டு வருவார்கள்.

நேரம் மிச்சமிருந்தால், செஞ்சிக்கு வடக்கே சிங்கவரம். பல்லவர் காலக் குடைவரை, ஒரே பாறையில் செதுக்கிய பள்ளிகொண்ட ரங்கநாதர், சுமார் 24 அடி நீளம். தேசிங்கு ராஜா போருக்குப் போகுமுன் உத்தரவு கேட்க, பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது கதை. எருமைத் தலைமேல் நிற்கும் கொற்றவையும் அங்கே உண்டு. போகும் வழியிலேயே திருநாதர் குன்று. பாறை முகப்பில் இரண்டு வரிசையாக, வரிசைக்குப் பன்னிருவராக, 24 தீர்த்தங்கரர்கள். சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டு அங்கே இருக்கிறது. ‘ஆசிரியர்’ என்ற பட்டத்தோடு பாறையில் பெயர் பொறிக்கப்பட்டவர் ஒருவர் இருக்கிறார் என்பதற்காகவாவது நீங்கள் அங்கே போக வேண்டும். குன்றின் அடியில் நிழல் கிடையாது. தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலச்சேரியை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருக்கிறேன். பழைய செஞ்சி அதுதான் என்பார்கள். அங்கே ஒரு குடைவரைச் சிவன் கோயில். லிங்கம் தனியாகக் கொண்டுவந்து வைத்ததல்ல, தாய்ப்பாறையிலேயே விட்டுச் செதுக்கியது. அதைவிட முக்கியம் திரௌபதி அம்மன் கோயில். வட தமிழ்நாட்டில் எந்த ஊரில் பாரதம் படித்து, கூத்து வைத்து, தீ மிதித்தாலும், அதன் ஆதிக்கோயில் மேலச்சேரி என்று சொல்லும் மரபு உண்டு. ஆல்ஃப் ஹில்டெபெய்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1988இல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய பெரிய நூலின் முதல் தொகுதியே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரத்துக்குப் போகிறது. உங்கள் வகுப்பில் தெருக்கூத்தில் அர்ச்சுனன் வேஷம் கட்டுகிறவரின் பேரன் ஒருவனாவது இருப்பான், விழுப்புரம் திருவண்ணாமலைப் பக்கத்துப் பள்ளி என்றால் கட்டாயம் இருப்பான். அன்றைக்கு அவன்தான் வழிகாட்டி. நீங்கள் பின்னால் நடங்கள்.

தேசிங்கைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் பிள்ளைகள் விடமாட்டார்கள். 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த படத்தை இவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் குதிரையின் பெயர் எப்படியோ தெரிந்திருக்கும். அந்தக் கதையை மலை உச்சியில் வைத்துச் சொல்லாதீர்கள். வெங்கட்ரமணர் கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் சாதத்துல்லா கான் பள்ளிவாசல் இருக்கிறது. அங்கே உட்கார வைத்துச் சொல்லுங்கள். புந்தேல்கண்ட்டிலிருந்து வந்த ராஜபுத்திரக் குடும்பத்துப் பையன் தேஜ் சிங்தான் தேசிங்கு. ஆண்டது பத்து மாதம். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு 1714 அக்டோபரில் மோதிச் செத்தான். அவனோடு நின்று செத்தவன் அவன் நண்பன் மகபத் கான். ஜெயித்த நவாப் கட்டிய பள்ளிவாசல்தான் இது. 1717-18ஐச் சொல்லும் பாரசீகக் கல்வெட்டு இருக்கிறது. தோற்றவனைத் தமிழில் பாடி வைத்தார்கள், ஜெயித்தவன் கட்டிய தொழுகை இடத்தையும் இடிக்காமல் வைத்தார்கள். இந்து ராஜா, முஸ்லிம் நவாப் என்று கதையை இரண்டாகப் பிளந்து சொல்ல முயன்றால் மகபத் கானை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? பிள்ளைகளில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்.

‘கோயில் கோயிலாக அழைத்துப் போனால் பெற்றோர் கேட்பார்களே’ என்று தலைமையாசிரியர் சொல்லலாம். மேலே சொன்ன வழியில் பெருமாள், அம்மன், சிவன், தீர்த்தங்கரர், பள்ளிவாசல் எல்லாம் இருக்கின்றன. எங்கேயும் கும்பிடச் சொல்ல வேண்டாம். பார்க்கச் சொன்னால் போதும். ‘நேரம் இல்லை’ என்பது அடுத்த பதில். உண்மைதான். ஆனால் ஒரே நாளில் செஞ்சி, புதுச்சேரி, படகு சவாரி, சினிமா தியேட்டர் என்று அடைப்பது நீங்கள்தான். ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். எதை என்று நான் சொல்லப்போவதில்லை.

இப்படிக்கு,
செஞ்சிக்காரன் ஒருவன்

பி.கு.: 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கோட்டையில் டிக்கெட் கிடையாது, பள்ளிக் கடிதமும் பெயர்ப்பட்டியலும் கையில் இருந்தால் வாசலில் வாக்குவாதம் மிச்சம். ராஜகிரிக் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்று அர்த்தம். துணிப்பையில் வைத்து ஜிப் போடுங்கள். சிங்கவரத்தில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அன்று வாரச்சந்தை, ஆடு ஏற்றிய வண்டிகளுக்கு நடுவே உங்கள் பேருந்து நகராது. வந்துதான் தீருவேன் என்றால் விடியற்காலையில் வந்து அந்த ஆட்டுச்சந்தையையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள், துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்கள் யாராவது தட்டுப்பட்டால் கணக்கு ஆசிரியரை முன்னால் நிறுத்துங்கள்.